என் சகலைக்கு வெள்ளைக்காரன் பேர்

என் சகலைக்கு அவன் பேருக்குப் பின்னால் இன்னொரு பேர் உண்டு. பன்னேல். ஆதாரில் இருக்கிறது. ரேஷன் கார்டில் இருக்கிறது. அவன் கல்யாணப் பத்திரிகையில் அவன் பக்கத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் மாமனார் பக்கம் எல்லாருக்கும் முன்னால் ஒத்தை எழுத்துதான்.

எனக்கும் ஒத்தை எழுத்து. அப்பா பேரின் முதல் எழுத்து. என் மகளுக்கு என் பேரின் முதல் எழுத்து. அதோடு என் அப்பா போய்விட்டார். சகலை வீட்டில் அப்படி இல்லை. செத்துப்போன கிழவன் பேர் நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் இருக்கும்.

சின்ன விஷயம்தான். ஆனால் எனக்கு உறுத்தியது.

அவன் என் மனைவியின் தங்கச்சியைக் கட்டியவன். என்னைவிட வயதில் சின்னவன். கவரைப்பேட்டையில் ரயில் லைன் ஓரம் ஒரே தெருவில் ரெண்டு பேரும் வாடகைக்கு இருக்கிறோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே கம்பெனி. கூரைத் தகடு செய்கிற கம்பெனி. ரெண்டு பேரும் ஒரே காண்ட்ராக்டர் ஆட்கள். என் வண்டியில்தான் ரெண்டு பேரும் போவோம். எல்லாம் ஒன்று. பேர் மட்டும் வேறு.

கம்பெனியில் அவனை பேனலு என்றுதான் கூப்பிடுவார்கள். கரண்டு போர்டுக்கும் பேனல் என்றுதான் பேர். கரண்டு போனால் போதும்.

"டேய் பேனலு, இன்னாடா ட்ரிப் ஆயிட்டியா?"

"எங்க ஊட்டுக்காரி ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டாபா," என்பான் அவன்.

எல்லாரும் சிரிப்பார்கள். கிண்டல் பண்ணக்கூட ஒரு பேர் வேண்டும். என்னை யாரும் கிண்டல் பண்ணியதில்லை.

பேர் எப்படி வந்தது என்று கேட்டால் அவனிடம் ஒரு கதை இருந்தது. அவன் முப்பாட்டனை ஒரு வெள்ளைக்கார ரயில் இன்ஜினியர் பிள்ளை மாதிரி வளர்த்தானாம். சாகும்போது தன் பேரைக் கொடுத்துவிட்டுப் போனானாம். அவன் அப்பா சொன்னது. என் மச்சினி அதை இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொல்வாள்.

ஒரு நாள் என் மனைவி வந்து சொன்னாள். "தங்கச்சி புள்ளைய ஸ்கூல்ல சேக்கப் போனாளாம். மிஸ்ஸு பேரப் பாத்துட்டு, நீங்க ஆங்கிலோ இண்டியனான்னு கேட்டாங்களாம்."

"ஆமான்னாளா?"

"சிரிச்சாளாம்."

"சரி."

"நம்ம பொண்ணுக்கு ஒத்த எழுத்துதான?"

"அதுக்கு இன்னா இப்ப?"

"ஒண்ணுமில்ல," என்று உள்ளே போனாள். பாத்திரம் சத்தமாக விழுந்தது.

எனக்கு நிஜக் கதை தெரியும். என் அப்பா சொன்னது. அவன் முப்பாட்டனும் என் முப்பாட்டனும் ஆர்.கே.பேட்டை பக்கம் ஒரே ரெட்டியார் நிலத்தில் வேலை செய்தவர்கள். அவர் நெல்லுதான் நட்டார்கள், அவர் நெல்லுதான் அறுத்தார்கள். அந்த மாதிரி ஆளைப் பண்ணையாள் என்பார்கள். ஒருவருக்கே கட்டுப்பட்ட ஆள். ரெண்டு பேரும் ஒரே நாளில் ஞானஸ்நானம் வாங்கினார்கள். ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூட ஒரு தெலுங்குக்காரர், பேச்சை மாற்றிச் சொல்ல. ஒவ்வொருத்தனாக வரிசையில் போனார்கள். புதுப் பேர் வைத்த பிறகு பாதிரியார் வீட்டுப் பேர் கேட்டார். குடும்பத்துக்கே பொதுவான பேர். தெலுங்குக்காரர்களுக்கு அது உண்டு. வெள்ளைக்காரர்களுக்கும் உண்டு. நம் ஆட்களுக்கு ஏது?

சகலையின் முப்பாட்டனிடம், "ஊட்டுப் பேரு இன்னா?" என்றார் தெலுங்குக்காரர். அந்த ஆள் தன்னை யார் என்று கேட்பதாக நினைத்தார்.

"பண்ணையாளு சாமி."

பாதிரியார் நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு சத்தமாகச் சிரித்தார். அவர் ஊரில் அந்த மாதிரியே ஒரு பேர் இருந்ததாம். சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

அடுத்து நின்றவர் என் முப்பாட்டன். அதே கேள்வி. அதே பதிலைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் வெள்ளைக்காரர் சிரித்ததைப் பார்த்துவிட்டார். என்னமோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்து வாயைத் திறக்கவில்லை. பாதிரியார் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

என் அப்பா இதை வேடிக்கையாகச் சொல்வார். நான் சிரித்ததில்லை.

இதை நான் சகலையிடம் சொல்லவில்லை. கையில் இருக்கட்டும் என்று வைத்திருந்தேன்.

பிறகு மிஷின் வந்தது. தகட்டை நெளிக்கிற பெரிய மிஷின். ரோலர் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு பக்கம் தட்டைத் தகடு உள்ளே போகும், மறுபக்கம் அலை அலையாகக் கூரைத் தகடு வரும். புதுசு இல்லை. இங்கிலாந்தில் ஒரு கம்பெனியை மூடிவிட்டார்கள். மிஷினை எங்கள் முதலாளி வாங்கினார். அந்த மிஷினில் காலம் பூரா வேலை செய்த ஒரு வெள்ளைக்காரரையும் கூட அனுப்பி வைத்தார்கள். ஓட்டிக் காட்டிவிட்டுப் போவதற்கு.

மேனேஜர் எங்கள் ஷிஃப்ட் ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னார். "தொர இருக்கறதுக்குள்ள யாரு நல்லா கத்துக்கறீங்களோ, அந்த ஒருத்தர் மிஷினுக்கு. அந்த ஒருத்தர் பர்மனென்ட்."

பர்மனென்ட் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. காண்ட்ராக்ட் ஆளை நாளைக்கு வராதே என்று கேட்டில் நிற்கிற வாட்ச்மேனே சொல்லிவிடலாம். எனக்குத் தெரிந்த ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். காரணம் கேட்டால் வாட்ச்மேனுக்கும் தெரியாது. பர்மனென்ட் ஆளிடம் அப்படிச் சொல்ல முடியாது. கம்பெனி பஸ்ஸில் சீட்டு உண்டு. மகளுக்கு வரன் பார்க்க வருகிறவன் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். எனக்கு அது வேண்டும். வேறு எதுவும் எனக்குப் பெரிதாக வேண்டியதில்லை. அது வேண்டும்.

வெள்ளைக்காரர் வந்த முதல் நாள் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். பெரிய உடம்பு. சிவந்த மூக்கு. எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தார். எங்கள் ஜூனியர் இன்ஜினியர் பொண்ணு கூடவே வந்து பேர் சொன்னது. திருநின்றவூரிலிருந்து ரயில் மாறி ரயில் ஏறி வருகிற பொண்ணு. அதற்கு இங்கிலீஷ் நன்றாக வரும்.

என் பேரைச் சொன்னது. அவர் தலையாட்டினார். சகலையின் பேரைச் சொன்னது. அவர் நின்றுவிட்டார்.

திரும்பச் சொல்லச் சொன்னார். சகலை கழுத்தில் தொங்கிய கார்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு தன் சட்டைப் பையைக் காட்டினார். அதில் சிவப்பு நூலால் பேர் தைத்திருந்தது. நானும் எட்டிப் பார்த்தேன். இங்கிலீஷில் நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ரெண்டிலும் ஒரே எழுத்து. ஒன்று விடாமல் ஒரே எழுத்து.

வெள்ளைக்காரர் அவனைக் கட்டிப் பிடித்தார்.

"டேய் பேனலு, உங்க பெரியப்பா வந்துட்டாருடா!" பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்.

"பாகம் பிரிக்க வந்துகிறாரு. உன் பங்கு மிஷின்ல எந்த ரோலரு, கேட்டு வெச்சிக்க."

சகலை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அவர் கை அவன் தோளில் இருந்தது. என் கையில் இன்னும் அவர் கொடுத்த கையின் ஈரம் இருந்தது.

அன்றிலிருந்து எதற்கும் பேனல்தான். ஸ்பேனர் எடுக்க பேனல். லெவல் பார்க்க பேனல். ரோலருக்கு அடியில் வைக்கிற மெல்லிய தகட்டுத் துண்டு எடுத்துத் தர பேனல். கூப்பிடுகிறவர் பேனல், ஓடுகிறவனும் பேனல். எனக்கும் அவர் சொல்லிக் கொடுத்தார். இல்லை என்று சொல்ல மாட்டேன். கையால் காட்டுவார், நான் செய்வேன், கட்டை விரலைத் தூக்குவார். அவனிடம் சிரித்துப் பேசிக்கொண்டே காட்டுவார். வேலை ரெண்டு பேருக்கும் வந்தது. அவனுக்குக் கொஞ்சம் சீக்கிரமாக வந்தது என்றும் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சகலை அவரைச் சாப்பிடக் கூட்டிவந்தான். பழவேற்காடு நண்டு. என் மனைவிதான் குழம்பு வைத்தாள். தங்கச்சிக்கு நண்டு சரியாக வராது. தெருவே வாசலில் நின்றது. அவர் தரையில் உட்கார முடியாமல் உட்கார்ந்து, வேர்த்து ஊற்றச் சாப்பிட்டார்.

"ஈட் சார், ஈட் சார். நோ காரம் சார்," என்றான் சகலை.

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. மச்சினி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அவளையும் மிஸஸ் பேனல் என்று கூப்பிட்டார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குழம்பு நல்லா இருக்கிறது என்று அவளைப் பார்த்துத்தான் கை காட்டினார். என் மனைவி அடுப்படியில் நின்றாள்.

போட்டோ எடுத்தார்கள். சகலை, மச்சினி, பிள்ளை, நடுவில் அவர். மறு வாரமே அது ஃப்ரேம் போட்டு டிவி பக்கத்தில் இருந்தது. என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"போட்டோல நம்ம யாருமே இல்லீங்க."

"நாம எதுக்கு?"

"கொழம்பு சட்டியாவது தெரியுதான்னு பாத்தேன். அதுவும் இல்ல."

அதற்கு அடுத்த நாள்தான் கேன்டீனில் அந்தப் பேச்சு வந்தது. மத்தியானச் சாப்பாடு. மேனேஜர் எங்கள் மேஜையைத் தாண்டிப் போகும்போது சகலை முதுகில் தட்டி, "இன்னாபா, தொர உன்னியக் கூடவே கூட்டிக்கினு போயிடுவாரு போல," என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும்.

எதிரில் வெள்ளைக்காரர், பக்கத்தில் சகலை, அந்தப் பக்கம் இன்ஜினியர் பொண்ணு. சகலை ரயில் இன்ஜினியர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். பொண்ணு இங்கிலீஷில் சொன்னது. அவர் ஆச்சரியமாகக் கேட்டார்.

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"ரயிலும் இல்ல, இன்ஜினியரும் இல்ல. அது பண்ணையாளு," என்றேன்.

சகலை திரும்பினான். "இன்னா சகல?"

"உங்க முப்பாட்டன் பாதிரிகிட்ட பண்ணையாளுன்னாரு. அவரு காதுல பன்னேல்னு விழுந்துச்சி. அதான் உன் பேரு."

பக்கத்து மேஜையில் பேச்சு நின்றது. என் வாழ்க்கையில் கேன்டீனில் நான் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். எவனோ, "அடிங்… பண்ணாளா?" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். சகலையின் காது சிவந்துவிட்டது. கையில் சோற்றை அப்படியே வைத்திருந்தான்.

"யாரு சொன்னது?"

"எங்க நைனா. நம்ம ரெண்டு பேரு முப்பாட்டனும் ஒரே ரெட்டியாருகிட்டதான் இருந்தாங்க."

வெள்ளைக்காரர் பொண்ணைப் பார்த்தார். அது தயங்கியது. "சொல்லும்மா," என்றேன் நான். அது முழுக்கச் சொன்னது. மரத்தடி, பாதிரியார், பதில், எல்லாம். பண்ணையாள் என்றால் என்ன என்று அவர் ரெண்டு தடவை கேட்டார். அது விளக்கியது.

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். சகலை தலையைத் தூக்கவில்லை. முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு அவர் மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். பொண்ணு கேட்டுக் கேட்டுச் சொன்னது.

"இவங்க ஊர்லயே இந்தப் பேரு ரொம்பக் கம்மியாம்ணா. தெக்கால ஒரு மூலையில சில கிராமத்துலதான் உண்டாம். இவரு அக்கா ரிட்டயர் ஆனதுலேர்ந்து இதத்தான் தேடிக்கினு இருக்காங்களாம், நம்ம பேரு எங்கேர்ந்து வந்துச்சின்னு. பிரான்ஸ்லேர்ந்து ஒரு ராஜா படையெடுத்து வந்தாராம், அவரு கூட வந்த பேரு மாதிரி தெரியுதாம்."

"பாத்தியா, ராஜா பேரு!" என்றான் பக்கத்து மேஜைக்காரன்.

"இருங்கண்ணா, இன்னும் இருக்கு. அந்தப் பேருக்கு மூலம் லத்தீன் வார்த்தையாம். அதுக்கு அர்த்தம் இன்னான்னா…" பொண்ணு அவரிடம் திரும்ப ஒரு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கொண்டது. "பட்டிக்காட்டான். காட்டுல மேட்டுல கெடக்கறவன். அப்புறம் சர்ச்சுக்காரங்க அதே வார்த்தைய ஏசுவ ஏத்துக்காதவனுக்கும் வெச்சிட்டாங்களாம்."

கேன்டீன் மொத்தமும் சிரித்தது. வெள்ளைக்காரரும் தன்னையே விரலால் குத்திக் காட்டிச் சிரித்தார்.

"இவரு தாத்தாவுக்குத் தாத்தால்லாம் அடுத்தவன் நெலத்துல கூலியாம். எழுதத் தெரியாதாம். சர்ச்சுல எழுதறவரு காதுல விழுந்தத எழுதுவாராம். ஒரே அப்பனுக்குப் பொறந்த அண்ணன் தம்பிக்கே வேற வேற எழுத்தாம். அதனால இவரு சொல்றாரு…" பொண்ணுக்கே சிரிப்பு வந்தது. "ரயில் இன்ஜினியரவிட இந்தக் கதைதான் நல்லாருக்காம். இப்பதான் நெஜமாவே சொந்தம்னு சொல்றாரு."

சகலை தலையைத் தூக்கினான்.

அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார். "பன்… நை… யால்."

"ண, சார். பண்ணை."

"ள சார், ள! நாக்க மடிங்க சார்!" நாலு பக்கமிருந்தும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒருத்தன் எழுந்துவந்து தன் நாக்கை மடித்துக் காட்டினான்.

நான் அவனைக் கீழே தள்ளத்தான் வாயைத் திறந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. வயிறு எரிந்தால் வாய் திறக்கத்தான் செய்யும். ஆனால் நான் கொடுத்த கதையையும் அவனே வாங்கிக்கொண்டான். பேரும் அவனுக்கு, கதையும் அவனுக்கு.

சிரிப்பு அடங்கியதும் வெள்ளைக்காரர் என் பக்கம் திரும்பினார். பொண்ணிடம் என்னமோ கேட்டார்.

"உங்க பேருக்கு முன்னாடி இருக்கற எழுத்துக்கு இன்னா அர்த்தம்னு கேக்கறாருண்ணா."

"எங்க அப்பா," என்றேன்.

பொண்ணு சொன்னது. அவர் தலையாட்டினார். இன்னும் வரும் என்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தட்டைக் கழுவப் போனேன்.

அன்றைக்கும் என் வண்டியில்தான் ரெண்டு பேரும் திரும்பினோம். ஹைவேயில் லாரிச் சத்தம். மேம்பாலம் தாண்டியதும் அவன் கேட்டான்.

"எங்கப்பாவுக்கு இது தெரியுமா சகல?"

"தெரிஞ்சிருக்கும்."

"அப்ப எதுக்கு ரயில்காரன் கதைய சொன்னாரு?"

"கேக்க நல்லாருக்கு இல்ல."

கொஞ்ச தூரம் போனோம்.

"நீ இத தனியா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

கடைசி வாரம் ரெண்டு பேரையும் தனித்தனியாக மிஷினை ஓட்டச் சொன்னார்கள். நான் ஓட்டினேன். தகடு சுத்தமாக வந்தது. அவன் ஓட்டினான். அதுவும் சுத்தமாக வந்தது. வெள்ளைக்காரர் ரெண்டு பேருக்கும் கட்டை விரலைத் தூக்கினார். மறுநாள் ஏர்போர்ட்டுக்குப் போனார். சகலைதான் பெட்டியைக் காரில் ஏற்றினான்.

மேனேஜர் என்னை மட்டும் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. ஆனால் மரியாதையாகத்தான் பேசினார்.

"தொர ரெண்டு பேரும் ஓகேன்னுட்டாரு. எனக்கு ஒரு எடந்தான்பா. மிஷின் நின்னா அவருகிட்ட போன்ல பேசணும். உன் சகல பேசுவான். அரகொற இங்கிலீஷாவது பேசுவான். நீ தமிழ்லயே பேச மாட்டியே."

"சரி சார்."

"மிஷினுக்கு ஹெல்பர் நீதான். உன்னை வேற எடத்துக்கு மாத்த மாட்டேன்."

"சரி சார்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. பேரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் என் மனைவியிடம் அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "பேருதாங்க," என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சகலை இப்போது கம்பெனி பஸ்ஸில் போகிறான். என் வண்டியின் பின் சீட்டு காலி. அவன் கார்டுக்கு வேறு கலர். வழியில் பஸ் என்னைத் தாண்டும்போது ஜன்னலிலிருந்து கை காட்டுவான். நானும் ஹாரன் அடிப்பேன்.

போன வாரம் தகடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தது. சகலை இங்கிலாந்துக்கு வீடியோ கால் போட்டான். அங்கே காலை நேரம். அவர் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். முதல் வார்த்தையே, "பண்ணையால்!" என்றார். ண வந்துவிட்டது. ள மட்டும் இன்னும் வரவில்லை.

மிஷினைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் போனைத் திருப்பிக் காட்டினார். பழைய கல் சர்ச். சுற்றிலும் புல்லு, புல்லில் கல்லறைகள். கிட்டே கொண்டுபோய் ஒவ்வொரு கல்லாகக் காட்டினார். பேனல், பேனல், பேனல்.

"சகல, இங்க வாயேன், பாரு. எல்லாம் நம்ம ஆளுங்க!" என்று கத்தினான்.

நம்ம என்றான். நான் ரோலருக்கு அடியிலிருந்து எழுந்துவந்து பார்த்தேன். பாசி பிடித்த கல். சில கல்லில் எழுத்தே தேய்ந்து போயிருந்தது. அதுவும் அந்தப் பேர்தான் என்றார்.

பிறகு மிஷின் பேச்சு. நடு ரோலரைப் பார்க்கச் சொன்னார். சகலை எனக்குச் சொன்னான். நான் திரும்ப அடியில் போய் போல்ட்டைத் தளர்த்தி, தகட்டுத் துண்டு ஒன்று வைத்து முறுக்கினேன். ஓட்டினோம். தகடு நேராக வந்தது. அவர் அங்கே கை தட்டியது போனில் கேட்டது.

"நீயும் ஒரு வார்த்த பேசு சகல," என்று போனை நீட்டினான்.

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினேன். சின்னத் திரையில் அவர் மூக்கு சிவந்திருந்தது. குளிர் போல.

"நல்லா ஓடுது சார்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. சிரித்தார். "ஓகே மை ஃப்ரெண்ட், ஓகே," என்றார். என் பேர் அவருக்கு ஞாபகம் இல்லை.

போனைப் பன்னேலிடம் கொடுத்தேன்.